கால்விரலில் சுற்றிய தலைமுடி

டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி முடியும்வரை டெல்லியில் கைக்குழந்தையின் கால்விரல்கள் வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. உள்ளே பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், பாதம்வரை மூடிய கம்பளி பைஜாமா, அதற்குள் சாக்ஸ், கைகளுக்கு உறை, தலைக்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேலே ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை. இந்த ஊர்க் குளிரில் வேறு வழியும் இல்லை. ஆனால் இத்தனை சுற்றுக்குள் அம்மாவின் தலையிலிருந்து உதிர்ந்த ஒற்றை முடி போய்ச் சேர்ந்து, குழந்தையின் ஒரு விரலைச் சுற்றி இறுக்கி, அங்கே ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட முடியும். கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். குழந்தை மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். காரணம் புரியாமல் அழும் குழந்தை அவசரப் பிரிவுக்கு வந்தால் அவர்கள் தேடிப் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று.

வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது தெரிவதில்லை. அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை விடாமல் அழுகிறது, பால் கொடுத்தாகிவிட்டது, உடம்பு சுடவில்லை, டயபரும் நனையவில்லை என்றால், அடுத்து சாக்ஸைக் கழற்றிப் பத்துக் கால்விரல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையுறையைக் கழற்றிக் கைவிரல்களையும் பாருங்கள். டயபரைத் திறந்து அங்கேயும் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மருத்துவர்கள் இதை ஹேர் டூர்னிகே என்கிறார்கள். ரத்தம் கொட்டும்போது கையையோ காலையோ இறுக்கிக் கட்டுவார்களே, அந்தக் கட்டுக்குத்தான் டூர்னிகே என்று பெயர். அதே கட்டை இங்கே ஒரு முடியோ நூலோ போட்டுவிடுகிறது. இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் அல்ல. 1832-லேயே லான்செட் மருத்துவ இதழில், ஆணுறுப்பை இப்படி இறுக்கிய கட்டு பற்றிய குறிப்பு வந்திருக்கிறது. அதிகம் மாட்டுவது கால்விரல்கள்தான். அதற்கு அடுத்து கைவிரல்கள், பிறப்புறுப்பு. அபூர்வமாக நாக்கிலும் உள்நாக்கிலும்கூடப் பதிவாகியிருக்கிறது.

வயதைப் பொறுத்து இடம் மாறுவதைக் கவனிக்க வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களில் மாட்டுவது பெரும்பாலும் கைவிரல். முகத்தைக் கீறிக்கொள்ளக் கூடாதென்று உறை போட்டுவிடுகிறோம், அதன் உள்தையலிலிருந்து பிரிந்த நூல் விரலைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை கால்விரல்களின் காலம். அங்கே குற்றவாளி அநேகமாகத் தலைமுடி. பிறப்புறுப்பில் சிக்குவது இன்னும் கொஞ்சம் பெரிய குழந்தைகளிடம், ஒன்றரை இரண்டு வயதிலும் அதற்கு மேலும்கூட நடக்கிறது. ஆண் பெண் இரண்டு குழந்தைகளுக்கும் நேரலாம்.

ஒரு முடிக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வருகிறது? அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒற்றை முடி 50 முதல் 100 கிராம்வரை எடையைத் தாங்கும். அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. ஈரத்தில் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். வியர்த்த பாதத்தில், நனைந்த டயபரில், குளித்த ஈரத்தில் சுற்றிக்கொண்ட முடி, காயக் காய இறுகும். ஒரே முடி இரண்டு மூன்று சுற்றுப் போட்டிருக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட முடிகளும் இருக்கலாம். சுற்றிவிடுவது யார் என்றால் குழந்தையேதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் காலை உதைக்கிறது, விரல்களை மடக்கி விரிக்கிறது. சாக்ஸ் என்ற குறுகிய பைக்குள் இருக்கும் முடி அந்த அசைவிலேயே விரலைச் சுற்றி வந்துவிடுகிறது. மாட்டியது தெரிந்தால் நாம் உதறிவிடுவோம். அந்த வயதில் குழந்தைக்கு அழத்தான் தெரியும்.

பூக்கட்டும்போது நூலை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே பேச்சில் மறந்துபோனால் விரல்நுனி கன்றிக் கருத்து விண்ணென்று தெறிக்குமே, குழந்தையின் விரலுக்கு உள்ளே நடப்பது அதேதான், அவிழ்த்துவிட ஆளில்லாமல். முதலில் அடைபடுவது நிணநீர்க் குழாய்களும், ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளும். அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு, லேசான இறுக்கத்துக்கே மூடிக்கொள்ளும். ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி ஆழத்தில் இருக்கிறது, அதில் அழுத்தமும் அதிகம், அதனால் அது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆக, விரலுக்குள் ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, திரும்பிப் போக வழி இல்லை. விரல் வீங்குகிறது. வீங்க வீங்க அதே முடி இன்னும் ஆழமாக இறுக்குகிறது. ஒரு கட்டத்தில் தமனியும் அடைபட்டுப்போகிறது. அதற்கப்புறம் சதை உயிரோடு இருப்பது நேரக் கணக்கு.

இன்னொரு தொல்லை, வீக்கமே முடியை மறைத்துவிடுவது. இரண்டு பக்கமும் சதை எழும்பி, நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, முடி அந்தப் பள்ளத்தின் அடியில் போய்விடும். மேலிருந்து பார்த்தால் சிவந்து வீங்கிய விரல் மட்டும்தான் தெரியும். பூச்சி கடித்ததாகவோ, நகச்சுத்தியாகவோ, சீழ் வைப்பதாகவோ தோன்றும். அப்படித் தோன்றி ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்து அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். நாள் கணக்கில் விட்டால் முடி தோலை அறுத்து உள்ளே இறங்கும், அதன்மேல் புதுத்தோல் மூடிவிடும், எலும்புவரைகூடப் போகும். விரலையே இழந்த குழந்தைகளும் உண்டு. அது அரிது. சரியான நேரத்தில் எடுத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு விரல் முழுதாகத் தேறிவிடுகிறது. பயமுறுத்த இதை எழுதவில்லை. பார்க்கத் தெரிந்திருந்தால் முழுதாகத் தடுக்கக்கூடிய சேதம் இது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அது ஏன் இரண்டிலிருந்து ஆறு மாதம்? குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தையின் சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பு கிடையாது, ஆனால் காலக்கணக்கு துல்லியம். கர்ப்பத்தின்போது ஈஸ்ட்ரோஜன் அளவு உயர்ந்திருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் பின்னல் கனமாகத் தெரிவது அதனால்தான். பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் சட்டென்று இறங்கும்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தே உதிர்கின்றன. சாதாரணமாக நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி கொட்டும் தலையில் அப்போது கைக்கு வருவது கொத்துக் கொத்தாக. இது நோயில்லை, சில மாதங்களில் தானே சரியாகும். ஆனால் அதே மாதங்களில்தான் குழந்தை நாள் முழுக்க அம்மாவின் மடியிலும் தோளிலும் இருக்கிறது, காலை உதைக்கவும் கற்றுக்கொள்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

இதில் அம்மாவின் கவனக்குறைவு எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், இடுப்புவரை தலைமுடியை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தால் இப்படித்தான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு சுத்தமான வீட்டிலும் இது நடக்கும். முடியை வெட்டிக்கொள்ளத் தேவையில்லை. கட்டையான முடியும் சுற்றும்.

டெல்லிக்கு வருகிறேன். கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி, மயூர் விஹார், முனிர்கா என்று நம்மவர்கள் பரவிக் கிடக்கிற இந்த ஊரில், இளம் குடும்பங்கள் பலவற்றில் பிரசவத்துக்கு ஊருக்குப் போன பெண், மூன்றாம் மாதம் ஐந்தாம் மாதம் என்று குழந்தையோடு திரும்பி வருவாள். சரியாக முடி கொட்டும் காலத்தில், உதவிக்கு ஆள் இல்லாத வீட்டுக்கு வருகிறாள். கணவனுக்கு அலுவலகம், மாமியாருக்கு ஊரில் வேலை, பெற்ற அம்மா இருப்பது போனில். குழந்தை ராத்திரி நிற்காமல் அழுதால் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படி இருக்கும்:

“அம்மா, ரெண்டு மணி நேரமா அழுறான்மா.”

“பால் குடிச்சானா? மேலு சுடுதா பாரு.”

“குடிச்சான். சுடல.”

“அப்போ உரம் விழுந்திருக்கும்டி. தூக்கும்போது எங்கயாவது புரண்டிருக்கும். இல்லாட்டி வயித்து வலி. உப்பு மிளகா சுத்திப் போடு, நாளைக்கு ஆள் தேடிப் பாரு.”

இந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பிள்ளை வளர்த்த வீட்டில் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. அங்கே பாட்டியோ, குளிப்பாட்ட வரும் அம்மாளோ தினம் காலையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் துணியில்லாமல் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, ஒவ்வொரு விரலாக இழுத்துவிடுவார்கள். மடிப்பு மடிப்பாக விரித்து அழுக்கெடுப்பார்கள். சுற்றிய முடி அந்தக் கைக்குத் தப்பாது. எண்ணெய்க் குளியலின் மருத்துவ பலன்கள் பற்றி ஆயிரம் வாதம் இருக்கட்டும். அது நாள் தவறாமல் நடந்த ஒரு முழு உடல் பரிசோதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெல்லிக் குளிரில் அது நின்றுபோகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் குளியல், மற்ற நாளில் வெந்நீரில் நனைத்த துணியால் முகத்தையும் இடுப்பையும் துடைப்பதோடு சரி. சாக்ஸை மாற்றும்போதுகூட ரஜாய்க்குள்ளேயே கைவிட்டுக் கழற்றி, குளிர் பட்டுவிடுமோ என்று அடுத்ததை அவசரமாக மாட்டிவிடுகிறோம். இரண்டு நாள் மூன்று நாள் அந்த விரல்கள் யார் கண்ணிலும் படாமலே போகலாம்.

துணி துவைப்பதிலும் இந்த ஊருக்கென்று ஒரு நிலைமை உண்டு. பனிமூட்டத்தில் வெயில் வருவதே அபூர்வம், அதனால் வீட்டுத் துணி முழுவதையும் சேர்த்து மெஷினில் போட்டு, பால்கனியிலும் அறைக்குள் கொடியிலும் நாள் கணக்கில் காயப்போடுகிறோம். மெஷினில் எல்லோருடைய முடியும் சுற்றி வரும். சின்னச் சின்ன சாக்ஸின் உட்புறம் கம்பளியும் நூலும் முடியைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தோதான இடம். வாராந்திரச் சந்தைகளில் விற்கும் மலிவான சாக்ஸ், கையுறைகளில் உள்தையல் நூல்கள் வெட்டப்படாமல் தொங்குவதையும் பார்க்கலாம். வாங்கியதும் வெளியே திருப்பிப் போட்டு அவற்றைக் கத்தரித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். கறுப்புக் கயிறு, அரைஞாண் கயிறு கட்டுபவர்கள் அதன் நுனி பிரிந்து இழை தொங்குகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். குழந்தை வளர வளரக் கயிறே இறுகும் என்பதையும் மறக்கக் கூடாது.

உரம் எடுப்பது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். துணியில் போட்டு உருட்டுவதும் தூக்கிக் குலுக்குவதும் கைக்குழந்தைக்கு ஆபத்து. முடி மாட்டிய குழந்தைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, நேரம்தான் போகும்.

வயிற்று வலி என்று நினைப்பதற்குப் போதுமான நியாயம் இருக்கிறது. கோலிக் எனப்படும் அழுகை நிஜமானது, பரவலானது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் என்று 1954 முதல் மருத்துவர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கென்று ஒரு போக்கு உண்டு. பிறந்த சில வாரங்களில் தொடங்கும், ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும், பெரும்பாலும் சாயங்காலமாக வரும். இதுவரை அமைதியாக இருந்த நான்கு மாதக் குழந்தை ஒரு நாள் திடீரென்று வீறிட்டு, எடுத்தாலும் ஆட்டினாலும் அடங்காமல் அழுதால், அதைக் கோலிக் என்று ஒதுக்கக் கூடாது. அவசரப் பிரிவில் அப்படி வரும் குழந்தையின் துணி முழுவதையும் கழற்றச் சொல்வது அதற்காகத்தான். காது, கண்ணில் கீறல், குடலிறக்கம், விதை முறுக்கிக்கொண்டிருப்பது, எலும்பு முறிவு, அப்புறம் கைகால் விரல்கள் என்று தலை முதல் கால்வரை தேடுவார்கள். குளிரடிக்கிறதே என்று கம்பளியை மட்டும் தூக்கிக் காட்டாதீர்கள். சாக்ஸும் கழல வேண்டும்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? ஹீட்டர் போட்ட அறையில் குழந்தையை மடியில் கிடத்தி, இன்னொருவர் கைபேசி டார்ச்சைப் பிடித்தால் நல்லது. பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொரு இரண்டு விரல்களுக்கு நடுவிலும் மெல்ல விரித்துப் பாருங்கள். விரலின் அடிப்பக்கத்தை, பாதத்தோடு சேரும் மடிப்பை விட்டுவிடாதீர்கள், முடி அங்கேதான் ஒளியும். அடையாளம் ஒரு கோடு. விரலைச் சுற்றி வளையமாக, பேனாவால் வரைந்ததுபோல் தெளிவாக. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதத்தின் இயல்பான தோல், அந்தப் பக்கம் வீங்கிப் பளபளக்கும் விரல்நுனி. பூச்சிக்கடியில் வீக்கம் படிப்படியாகக் குறைந்து பாதத்தோடு கலந்துவிடும். இதில் அப்படிக் கலக்காது, கோட்டோடு நின்றுவிடும்.

புத்தகங்களில் சிவந்திருக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் குழந்தைகளின் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, அல்லது பக்கத்து விரலைவிடக் கொஞ்சம் கருத்ததாகத்தான் தெரியும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், இன்னொரு காலின் அதே விரலோடு ஒப்பிட்டு வீக்கத்தையும் பளபளப்பையும் பாருங்கள். முடி கண்ணில் படாவிட்டால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பாட்டி வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: சுற்றியிருப்பது நரைமுடியாக இருந்தால் அது தோலோடு தோலாகக் கலந்து, இருப்பதே தெரியாது. கோடும் வீக்கமும் இருந்து முடி மட்டும் தெரியவில்லை என்றால், முடி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

முடியின் நுனி வெளியே தெரிந்து, வீக்கம் குறைவாக இருந்து, பிடித்துச் சுற்றைப் பிரிக்க முடிந்தால் பிரித்து எடுத்துவிடலாம். விரல் சில நிமிடங்களில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஒருமுறை முயன்று வரவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். பிளேடு, ஊசி, நகவெட்டி எதையும் உள்ளே விடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, ஐஸ் எதுவும் வேண்டாம். காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கு உரிய விஷயமும் இல்லை இது.

இணையத்தில் முடி நீக்கும் கிரீம் தடவச் சொல்லியிருப்பதைச் சிலர் படித்திருக்கலாம். அது வெறும் வதந்தி அல்ல, மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் முடியின் கெரட்டின் புரதப் பிணைப்புகளைக் கரைக்கும், சில நிமிடங்களில் முடி அறுந்துவிடும். ஆனால் தோல் கிழிந்திருந்தால் தடவக் கூடாது, பிறப்புறுப்பில் தடவக் கூடாது, முடி ஆழத்தில் இருந்தால் கிரீம் எட்டாது. சுற்றியிருப்பது பருத்தி நூலோ நைலானோ என்றால் அது ஒன்றுமே செய்யாது. வீட்டில் நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் முடியா நூலா, தோல் கிழிந்திருக்கிறதா என்று தீர்மானிப்பது கடினம். அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுவதுதான் என் கருத்து.

எங்கே போவது என்பதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து மார்க்கெட்டில் இருக்கும் கிளினிக்கை விட, குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவே இதற்குச் சரி. கனாட் பிளேஸ் பக்கம் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை, யமுனைக்கு அக்கரையில் கீதா காலனியில் சாச்சா நேரு, தெற்கே சஃப்தர்ஜங், எய்ம்ஸ். தனியார் என்றால் எந்த இடத்தில் ராத்திரியிலும் குழந்தை மருத்துவர் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தி சரளமாக வராதவர்கள், வந்து கொஞ்ச நாளே ஆனவர்கள், சீட்டு எழுதும் பர்ச்சி கவுன்டரில் “பச்சே கே பைர் கி உங்லி மே பால் லிபட் கயா ஹை, உங்லி சூஜ் கயி ஹை” என்று சொன்னால் போதும். விரலில் முடி சுற்றி வீங்கிவிட்டது என்று வாயால் சொல்வது முக்கியம். “குழந்தை அழுகிறது” என்று மட்டும் சொன்னால் நீங்கள் நிற்க வேண்டிய வரிசை வேறு.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, நல்ல வெளிச்சம், மெல்லிய இடுக்கி. முடி மேலாக இருந்தால் அதன் அடியில் மழுங்கிய கம்பியைச் செலுத்தித் தூக்கிக் கத்தரித்துவிடுவார்கள். ஆழத்தில் புதைந்திருந்தால் விரலை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு, விரலின் மேற்புறத்தில் நட்டநடுவில், நீளவாக்கில் ஒரு சின்னக் கீறல் போடுவார்கள். பிஞ்சு விரலில் கத்தியா என்று அதிர்ச்சியாக இருக்கும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. விரலுக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் இரண்டு பக்கவாட்டிலும் ஓடுகின்றன, மேலே நடுவில் கீறினால் அவற்றில் படாது. அங்கிருக்கும் தசைநாரும் நீளவாக்கில்தான் ஓடுகிறது, அதனால் கத்தி அதைத் தொட்டாலும் குறுக்கே அறுபடாது. ஒரே ஒரு சுற்று மிச்சமிருந்தாலும் இறுக்கம் தொடரும் என்பதால், சந்தேகம் இருக்கும்போது கீறுவதே பாதுகாப்பான வழி.

எப்படி நேர்ந்தது, யார் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் கேட்பார்கள். குழந்தையை யாராவது வேண்டுமென்றே துன்புறுத்தியிருப்பார்களா என்று எந்தக் காயத்திலும் ஒருமுறை யோசித்துப் பார்ப்பது மருத்துவரின் கடமை. கைக்குழந்தையின் விரலில் முடி சுற்றுவது பெரும்பாலும் தற்செயல் என்பது அவர்களுக்கும் தெரியும். கோபப்படாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தருவது வேறொன்று. நம் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் குழந்தையை அழைத்துப் போகிறோம். அரசு மருந்தகமோ தனியாரோ, டெல்லியில் பெரும்பாலான அம்மாக்கள் அந்த மூன்று தடவையும் போகிறார்கள். பென்டாவேலன்ட் ஊசி தொடையில் போடுவது, அதற்காகக் கால் வெளியே வருகிறது. முடி கொட்டும் காலமும் கால்விரல் ஆபத்தும் தொடங்குவது சரியாக அந்த வாரங்களில்தான். ஊசி போட்ட இடத்தில் வீங்கினால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் எத்தனை சொட்டு கொடுப்பது என்று சொல்லி அனுப்பும் நர்ஸ், “தினமும் சாக்ஸைக் கழற்றி விரலைப் பாருங்க” என்று இன்னொரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் ஒரு வரி அச்சிட்டால் செலவு என்று ஒன்றுமே இல்லை. ஊரிலிருந்து போனில் வழி சொல்லும் அம்மாக்களும், “பால் குடிச்சானா, சுடுதா” என்பதோடு “விரலப் பாத்தியா” என்பதையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினால் இன்னும் நல்லது. வீடியோவில் அழைத்திருந்தால் கால்விரலைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

தினப்படி வழக்கத்தில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். குழந்தையின் சாக்ஸ், கையுறை, பாதம் மூடிய உடைகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தனியாகத் துவைக்கலாம், போடும் முன் விரலை உள்ளே விட்டு ஒருமுறை தடவிப் பார்க்கலாம். தலைவாரிய கையோடு குழந்தையைத் தூக்காமல், தோளையும் மடியையும் தட்டிவிட்டுத் தூக்கலாம். வீட்டில் இருக்கும்போது முடியைக் கட்டிக்கொள்வது உதவும். குளிக்காத நாளிலும் ராத்திரிப் படுக்கைக்கு முன் இரண்டு காலையும் கையையும் திறந்து பார்ப்பதை மட்டும் எந்தக் குளிரிலும் விடக் கூடாது.

முடியை எடுத்த பிறகு அந்தக் கோடு சில நாள் தெரியும், வீக்கம் வடியவும் நேரம் எடுக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஒருமுறை திரும்பக் காட்ட வேண்டும், பார்வைக்கு எட்டாமல் ஓர் இழை உள்ளே தங்கியிருக்கலாம். அதற்கு முன்பே வீக்கம் குறையாமல் இருந்தாலோ, விரல் கருத்தாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ, குழந்தை மறுபடி அதே மாதிரி அழத் தொடங்கினாலோ, காத்திருக்காமல் அதே மருத்துவமனைக்கு அப்போதே திரும்பிப் போங்கள்.